அன்னாசிக் கிரம்பிள் நறநறப்பது ஏன்?

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாத மகளுக்காக அரிசி மாவில் அன்னாசிக் கிரம்பிள் (பழத்தின் மேல் வெண்ணெய் பிசறிய மாவைத் தூவி ஓவனில் சுடும் இனிப்பு) செய்தேன். மேலே மணல்போல் நறநறப்பு, அடியில் தண்ணீர். எங்கே தவறு?
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: அரிசி மாவை மட்டும் நம்பினால் நறநறக்கத்தான் செய்யும். நைசான அரிசி மாவு 50 கிராமுடன் பாதாம் பொடி 30 கிராம், குலா மெலாக்கா (தென்னங்கருப்பட்டி) துருவல் 35 கிராம், ஒரு சிட்டிகை உப்பு கலந்து, குளிர்ந்த வெண்ணெய் 40 கிராமை விரல் நுனியால் பிசறுங்கள். நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் சீக்கிரம் இளகிவிடும். இளகினால் உதிரியாக நிற்காமல் எண்ணெய் வழியப் படர்ந்துவிடும். ஆகவே 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

200 கிராம் அன்னாசித் துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி கார்ன்பிளவர் பிரட்டி, சிறு கிண்ணங்கள் இரண்டில் போட்டு, மேலே மாவை அழுத்தாமல் தூவுங்கள். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 30–35 நிமிடம் சுடுங்கள். மேல்பகுதி சிவந்ததும் எடுத்துவிடாதீர்கள். சாறு நடுவிலும் கொதித்தால்தான் கார்ன்பிளவர் வெந்து கெட்டியாகும். 15 நிமிடம் ஆறவிட்டால் இன்னும் இறுகும்.

மாவு பாக்கெட்டில் மலாயில் 'காண்டும்' என்றிருந்தால் அது கோதுமை. பூலுட் (ஒட்டரிசி) மாவு ஒட்டும், ஆனால் அதில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது.