இல்லாத பூனை

அன்புள்ள அண்ணன்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நானும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து போனிலேயே எடுத்த 48 நிமிடப் படத்தின் லிங்க்கை அனுப்பியிருந்தேன். ஓ.எல். பரீட்சையில் பெயிலாகி, கொழும்பில் கடை வேலைக்குப் போகக் காத்திருக்கிற 16 வயதுப் பையனுக்கும், அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தனியாக இருக்கிற 76 வயதுப் பாட்டிக்கும் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் அறிமுகமாகி நட்பாகிறது. பையன் அவருக்குப் போன் பழக்குகிறான். கடைசியில் பாட்டி இறந்துபோகிறார்.

கொழும்பில் ஒரு திரையிடலில் பார்த்த ஒருவர், "இந்த வயசுப் பையனுக்கும் கிழவிக்கும் அப்படி என்ன நட்பு? நம்ப முடியவில்லை" என்றார். இன்னொருவர், எல்லா ஊரிலும் எடுத்துத் தேய்ந்த கதை என்றார். உங்களுக்கு என்ன தோன்றியது?

இன்னொரு விஷயம். பாட்டியாக நடித்தவர் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மூன்று நாள் வந்தார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

படத்தை இரண்டு தடவை பார்த்தேன். பெரிய விஷயத்துக்குப் போகுமுன் ஒரு சின்னச் சண்டை. கதை நடப்பது பொகவந்தலாவையில். படம் திறப்பதோ தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில். 1921இல் கட்டிய அழகான பாலம்தான், யார் இல்லை என்றது? ஆனால் உங்கள் பையன் தண்ணீர் எடுக்கப் பதுளை மாவட்டம் வரைக்குமா போகிறான்? அப்புறம் அந்த ட்ரோன். மேலேயிருந்து பார்த்தால் தேயிலை பச்சைக் கம்பளம்தான். லயத்தில் பிறந்த நீங்கள் அதை அங்கேயிருந்தா பார்த்தீர்கள்? இடுப்புயரச் செடிக்கு நடுவில், காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நின்றுதானே பார்த்தீர்கள்?

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். கொழும்புக்காரருக்குச் சந்தேகம் வந்தது நியாயம். ஆனால் அவர் கையை வைத்த இடம் தவறு. எனக்கு நட்பை நம்ப முடிந்தது, அறிமுகத்தைத்தான் நம்ப முடியவில்லை. ஒரே லயத்தில் 16 வருஷம் இருந்த பையன், பீலிக்கரையில் குடத்தோடு நிற்கிற கிழவியைப் பார்த்து "நீங்க எந்த வீடு பாட்டி?" என்று கேட்கிறான். தம்பி, இதை எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே ஒரு அறை. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் கிழவி இருமினால் எத்தனை தடவை இருமினாள் என்று இந்தப் பக்கம் எண்ணலாம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் அவன் கிடந்த காலத்திலேயே அவள் அவன் மூக்கைச் சிந்திவிட்டிருப்பாள். லயத்தில் யாரும் யாரையும் புதிதாகச் சந்திப்பதில்லை. எல்லாக் கிழவியும் பாட்டி, எல்லாப் பையனும் பேராண்டி. உறவு அங்கே சும்மா கிடைக்கிறது. அதனால்தான் நட்பு வருவது கஷ்டம்.

அப்படியானால் எப்போது வருகிறது? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1981இல் எனக்குப் பன்னிரண்டு வயது. மஸ்கெலியாப் பக்கம் எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய தங்கச்சி 1972இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோத்தகிரிப் பக்கம் அங்கேயும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் நம் ஆட்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அக்கா ஒரு கணக்கில், தங்கச்சி ஒரு கணக்கில். மாதம் ஒரு தடவை நீல எயார்மெயில் தாளை வாங்கி வைத்துக்கொண்டு பாட்டி என்னைக் கூப்பிடுவார். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். கூலி, வறுத்த பலாக்கொட்டை.

முதல் கடிதத்தில் நான் பள்ளிக்கூடத் தமிழைக் காட்டினேன். "அன்பின் உடன்பிறப்பே, நான் நலமாக உள்ளேன்" என்று எழுதி வாசித்துக் காட்டியதும் அவருக்கு வந்ததே கோபம்! "இது யாருடா பேசுறது? இதப் படிச்சா அவ, அக்கா செத்துப்போச்சு, வேற யாரோ எழுதுறாங்கன்னு நெனப்பா." எனக்குக் கிடைத்த முதல் எடிட்டர் அவர்தான். உங்கள் படத்துப் பாட்டி "எங்கள் வியர்வையில்தான் இந்தத் தேயிலை சிவக்கிறது" என்று சொன்ன இடத்தில் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

தங்கச்சி போகும்போது ஒரு சோடிக் காதுத் தோட்டை அக்காவிடம் விட்டுப் போயிருந்தார், மகளுக்குச் சடங்கு வரும்போது யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி. ஒருநாள் கடிதம் சொல்லிக்கொண்டு போன வேகத்தில் பாட்டி, "தோட்ட அடகு வச்சேன், மூழ்கிப்போச்சு" என்றார். நான் எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அத எழுதாத" என்றார். எழுதியாகிவிட்டது. இன்னொரு தாள் வாங்கக் காசில்லை. கடைசியில் அந்த வரி மேல் மையைத் தடவிவிட்டு, கீழே "பூனை மைக்கூட்டைத் தட்டிவிட்டது" என்று எழுதச் சொன்னார். காம்பராவில் பூனையே கிடையாது.

அடுத்த மாதம் கோத்தகிரியிலிருந்து பதில் வந்தது. "பூனை எப்போ வாங்குன? என்ன நெறம்?"

அப்புறம் என்ன செய்வது, வளர்த்தோம். சாம்பல் நிறம், வாலில் மட்டும் வெள்ளை. மழைக்காலத்தில் அதற்குச் சளி பிடித்தது. மூன்று குட்டி போட்டது, ஒன்றைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தோம். எங்கள் அம்மா வாசல் இஸ்தோப்பிலிருந்து, "கடுதாசி எழுதப் போன எடத்துல என்னடா சிரிப்பு?" என்று கேட்பார். நான் சொன்னதில்லை. தோட்டைப் பற்றி இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டு ஆட்களுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் எனக்குக் கடைசிக் காம்பரா பாட்டி, வயதான ஒரு ஆள். அதற்குப் பிறகு கூட்டாளி.

உங்கள் பையனும் பாட்டியும் 48 நிமிடமும் எல்லார் முன்னாலும் அன்பாக இருக்கிறார்கள். அவர்களுக்குள் மறைக்க ஒன்றுமில்லை. போன் பழக்குகிறான், சரி. பாட்டி யாரைக் கூப்பிடத்தான் அந்தப் போனைப் பழகுகிறாள்? மகனுக்குத் தெரியாமல் யாரையாவது கூப்பிட்டால்? இல்லை, இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தாளில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று எழுத்துப் பிழையால் பணம் எடுக்க முடியாமல் எத்தனை பேர் அலைகிறார்கள், உங்களுக்குத் தெரியாததா? அந்த விண்ணப்பத்தை அவன் மட்டும் படித்தால்? அவளுடைய உண்மையான வயது, வைக்கப்பட்ட பெயர், அவள் யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று அவன் கைக்கு வந்துவிடும். நான் சொல்வதையே எடுக்க வேண்டியதில்லை. உங்கள் லயத்தில் இதைவிட நல்லதாக ஒன்று இருக்கும்.

தேய்ந்த கதை என்றவரை விட்டுவிடுங்கள். எல்லாக் கதையும் தேய்ந்ததுதான்.

படத்தில் ஒரு இடம் மட்டும் என்னை எழுந்து உட்கார வைத்தது. 31ஆவது நிமிடம். பாட்டி ஒற்றையடிப் பாதையில் பேசிக்கொண்டே வருகிறார். கை தானாகச் செடிக்குப் போகிறது. ரெண்டு இலை, ஒரு மொட்டு, கிள்ளியாகிவிட்டது. அப்படியே தோளுக்கு மேலே வீசப் போகிறார். முதுகில் கூடை இல்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. பிறகு கொழுந்தைப் பையனிடம் நீட்டுகிறார், அவன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். இதை நீங்கள் சொல்லிக்கொடுத்து எடுத்திருக்க முடியாது. அது அந்த அம்மாவின் கை. அந்த நேரத்தில் வயலினை ஏன் போட்டீர்கள்? முதலில் அதைக் கழற்றுங்கள்.

பாட்டி சாக வேண்டுமா என்றால், எனக்கு வேண்டியதில்லை. எங்கள் கடைசிக் காம்பரா பாட்டி எந்த வருஷம் இறந்தார் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பூனையின் வால் நிறம் யோசிக்காமலே வருகிறது. பையன் கொழும்பு பஸ்ஸில் ஏறும் காட்சியை ஏற்கெனவே நன்றாக எடுத்திருக்கிறீர்கள். அதோடு நிறுத்தினாலும் போதும்.

காசு விஷயம். கட்டாயம் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். "அன்பளிப்பு" என்று கவரில் போட்டு நீட்டாதீர்கள், சம்பளம் என்று சொல்லிக் கையில் எண்ணிக் கொடுங்கள். மூன்று நாள் வந்தார் என்றால் மூன்று பேர், அதாவது மூன்று முழுநாள் சம்பளம். மழை வந்து பாதியில் நிறுத்திய நாள் ஒன்று இருந்ததாக நீங்கள் போனில் சொன்னீர்கள். அந்த நாளுக்கு அரைப்பேர் போட்டுவிடாதீர்கள்.