கேள்வி – பதில்: கடற்புல்லைக் கிழிக்கும் மடி

கேள்வி: எங்கள் மல்லிப்பட்டினம் பக்கம் பவளப்பாறையே கிடையாது. கரையோரம் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை போட்டால் என்ன கெட்டுப்போகும்?
– வாசகர், பேராவூரணி

பதில்: பவளப்பாறை இருப்பது மண்டபம், ராமேஸ்வரம் பக்கம்தான், சரி. நமக்கு இருப்பது கடற்புல். நான் அதிராம்பட்டினத்துக்காரன். மடியைக் கொட்டும்போது கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேரோடு வந்த புல், அதில் நகக்கண் அளவு நண்டுக்குஞ்சு, கண் மட்டும் கறுப்பாய்த் தெரியும் இறால்குஞ்சு. விட்டிருந்தால் நாளைக்கு நம் வலையில் விழவேண்டியவை! வயிறு எரிகிறது.

கடற்பசு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். அதற்காகவே 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கு எப்போதோ தடை வந்துவிட்டது. இன்னும் இழுத்தால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மீன்வளத் துறைக்கும் எழுதிக் கொடுங்கள்.