மாளிகையும் இஸ்திரிப் பெட்டியும்

கேள்வி: இங்கிலாந்து மாளிகைக் கதையான ‘டவுன்டன் ஆபி’ தொடர் நம்மையும் ஏன் கட்டிப்போடுகிறது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பிரபுக்களின் பட்டாடைகள் அல்ல, அடுக்களை வேலைகள்தான் என்னை இழுத்தன. 2010இல் வந்த முதல் பகுதியிலேயே, மை கையில் ஒட்டாதிருக்கச் செய்தித்தாளை இஸ்திரி போடுகிறார்கள். அதில் 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கிய செய்தி! எஜமானருக்கு முன்பே வேலைக்காரர்கள் படித்துவிடுகிறார்கள். மாளிகையின் வாரிசுகள் அந்தக் கப்பலில்தான் இறந்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சியில் தர்மபுரிப் பாட்டி வீடு நினைவுக்கு வந்தது. கொட்டாங்கச்சிக் கரியை ஊதி ஊதிக் கனலாக்கி, பெட்டியின் அடியை ஈரத்துணியில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் தாத்தாவின் வேட்டியைத் தொடுவார். ‘சுர்’ரென்ற அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்திருக்குமே?