இராயப்பரின் பேச்சு

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

உவரிக்குப் பக்கத்துக் கடற்கரையூர் எங்களுடையது. இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்கில் இரண்டு இரவுகள் பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம், போடுகிறோம். ஏறத்தாழ நூற்றைம்பது பேர் நடிக்கிறார்கள். எனக்கு இயேசுவின் சீடர் இராயப்பர் (பேதுரு) வேடம். அப்பா கடலில் போனதற்குப் பிறகு நான் பூசைக்கு ஒழுங்காகப் போவதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தும் நாளாகிவிட்டது. விசுவாசம் தளர்ந்த ஒருவன் அந்த வேடத்தில் நிற்பது சரியா? அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குத்தான் உறுத்துகிறது. நடிப்பில் சிரமம் ஒன்றுமில்லை. வசனம் முழுவதையும் நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் குரல் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தாயிற்று, நாங்கள் வாயசைத்தால் போதும். தாடியை ஒட்டுவதா வளர்ப்பதா என்றுதான் சண்டை நடக்கிறது. இந்தக் காலத்தில் இதெல்லாம் தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

தகப்பனாரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைக் கடந்து மேலே வாசிக்க எனக்கு நேரமாயிற்று. கடல் கொண்டுபோன தகப்பனுக்காகக் கோயில் வாசலை மிதிக்காமல் இருப்பவனை விசுவாசம் தளர்ந்தவன் என்று நான் சொல்லமாட்டேன்; உங்கள் பங்குச்சாமியாரும் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

வேடத்தில் தாராளமாக நில்லுங்கள். குறையாத விசுவாசம் உள்ளவர்தான் இராயப்பராக நிற்கலாம் என்றால், இயேசு பிடிபட்ட அந்த வியாழன் இரவில் இராயப்பரே அதற்குத் தகுதியற்றவராகத்தான் இருந்தார். நம் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு முத்தாரம்மன் பேரில் நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவனாகவும் வேடம் கட்டி வருகிறவர்களிடம் உன் பக்தி எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. விரதம் இருந்தாயா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். ஜெர்மனியின் பவேரியாவில் ஓபராமர்காவ் என்னும் மலையூர் கொள்ளைநோய்க் காலத்தில், 1633இல், செய்த நேர்ச்சைக்காக 1634 முதல் பாஸ்கா நடத்திவருகிறது. அங்கே 2022இல் யூதாஸாக நடித்த இருவரில் ஒருவர் இஸ்லாமிய இளைஞர். நடிக்கிற அந்த ஊர் ஆண்களில் பெரும்பாலோர், நாடக ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்தே முடியும் தாடியும் வெட்டுவதில்லை. ஆகவே நீங்களும் வளர்த்துவிடுங்கள். நண்பர்களின் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்களையும் கூட்டத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

ஆனால் வாயசைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஊர் ஊராக இந்த வழக்கம் பரவிவருவதைப் பார்த்து நெடுநாளாக மனம் நொந்திருக்கிறேன். ஆகவே உங்களிடம் சொல்வதை அந்த ஊர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மத்தேயு நற்செய்தியின் 26ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் இராயப்பர் இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். அங்கே நின்றவர்கள் அவரை எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள்? அவருடைய பேச்சைக் கொண்டு. கலிலேயக் கடற்கரை மீனவனின் பேச்சு எருசலேம் நகரத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது. முழு நாடகத்திலும் ஒரு மனிதனின் ஊர்ப்பேச்சே கதையைத் திருப்பும் இடம் இது ஒன்றுதான். அந்த இடத்தில் வலை இழுத்த கையோடு நிற்கிற உங்கள் வாயிலிருந்து, ஊர் இன்னதென்று தெரியாத ஒருவருடைய துடைத்து வைத்த தமிழ் வருமென்றால், அங்கே நின்றவர்கள் எதைக் கேட்டு உங்களை அடையாளம் கண்டார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்? உங்கள் ஊரில் பிறந்த இராயப்பர், "நீ என்ன சொல்லுதன்னே எனக்கு வெளங்கலட்டி" என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல உங்கள் ஊரில் நூற்றைம்பது பேர் இருக்கும்போது, பணம் கொடுத்து வெளியூர்க் குரலை வாங்கியிருக்கிறீர்கள்.

இந்தக் கரைக்கு உங்கள் வேதம் நிலைபெற்று வந்ததே குரல் வழியாகத்தான். 1542இல் வந்த வேதபோதகர் பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அதை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். அவருடைய தமிழ் எவ்வளவு தடுமாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தடுமாறிய அந்தத் தமிழைத்தான் உங்கள் முன்னோர் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

நான் உங்கள் வேதத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் பள்ளித் தோழன் ஒருவனுடைய கடற்கரையூருக்குத் தவக்காலத்தில் போயிருந்தபோது வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். இயேசுவின் பாடுகளைப் பற்றி இலங்கையில் பணிசெய்த கொன்சால்வஸ் சாமியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. வாசித்தவர் கட்டுமரத்தில் போகிற முதியவர். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார், பல சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை, சில இடங்களில் மூச்சு வாங்க நிறுத்தினார். மாதா மகனின் உடலை மடியில் வாங்குகிற இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவரும் கடலுக்கு ஒரு மகனைக் கொடுத்தவர் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த அழுகையை எந்த ஸ்டூடியோவில் பதிவு செய்து தருவீர்கள்?

கடற்காற்றில் மைக் கேட்காது, இரண்டு இரவுக்குத் தொண்டை தாங்காது, வசனம் மறந்துபோகும் என்று கமிட்டியார் சொல்வார்கள். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி மகுடம் என்னும் இரண்டு பறைகளின் முழக்கத்துக்கு மேலே குரலெடுத்து விடியவிடியக் கதை பாடுகிறார். ஓபராமர்காவில் ஏறத்தாழ ஐந்து மணி நேர நாடகத்தை ஒரே பருவத்தில் நூறு முறைக்கு மேல் அந்த ஊர்க்காரர்களே தங்கள் வாயால் பேசி நடிக்கிறார்கள். முக்கிய வேடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரை வைத்து மாற்றிமாற்றி நிறுத்துகிறார்கள். தொண்டைக்கு வழி அதுதான். காற்றுக்கு வழி, நல்ல மைக்குகளை வாடகைக்கு எடுப்பது. மறதிக்கு வழி, நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் ஒத்திகை பார்ப்பது. ஒலிப்பதிவு வந்த பிறகு ஊர்களில் நின்றுபோனது அந்த ஒத்திகைதான். மறந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது, பக்கத்தில் நிற்கிற யோவான் எடுத்துக் கொடுப்பார்.

உங்கள் உறுத்தலை நான் மறக்கவில்லை. அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை வேறொருவர் சொல்ல, நீங்கள் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினால், அந்த உறுத்தல் அப்படியே உங்களோடு வீட்டுக்கு வரும். உங்கள் வாயால் ஊர் முன்னால் சொல்லுங்கள். சேவல் கூவியதும் அழுகை வந்தால் அழுங்கள். அதற்குப் பிறகு பூசைக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

பதிவுக்குக் கொடுத்த பணம் வீணாகுமே என்று கமிட்டி தயங்கும். மற்றக் காட்சிகள் இந்த ஆண்டு அப்படியே போகட்டும். முற்றத்துக் காட்சியை மட்டும் நேரில் பேச அனுமதி தரும்படி பங்குச்சாமியாரிடம் நாளையே கேளுங்கள். அந்தக் காட்சியின் வசனத்தை உங்கள் கையால் எழுதி முதலில் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கேயாவது, "நம்ம ஊர்ல இப்படியா பேசுவாவ?" என்று அவர்கள் கேட்டால், அந்த வரியை அவர்கள் சொல்கிறபடி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.