பித்தளைக் கடிகாரம் லண்டன் போகலாமா?

கேள்வி: அண்ணா, எங்கள் அப்பப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் போனபோது அவருக்கு ஒரு பித்தளைக் கப்பல் கடிகாரம் கிடைத்தது. அதை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். லண்டனில் ஒருவர் 900 டொலர் தருகிறாராம். அனுப்பலாமா?
— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, விலை இருக்கட்டும், முதலில் வயதைப் பாருங்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் சுங்கத்தில் மாட்டினால் கடிகாரமும் போகும், காசும் போகும்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அவர் வங்கி அட்டையில் கட்டும் பணம் கைக்கு வந்தாலும் முழுதாக வந்ததாகாது. சில மாதம் கழித்தும் வாங்கியவர் வங்கியில் முறையிட்டுத் திருப்பி எடுக்கலாம். நான் ஒரு பழைய கமெராவை அப்படித்தான் இழந்தேன். பெட்டி வரவில்லை என்றார் அந்த மனிதர். என்னிடம் அனுப்பிய துண்டு இருந்தது, அவர் கையொப்பமிட்டு வாங்கியதற்குச் சான்று இல்லை. (மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.) ஆகவே கையொப்பம் வாங்கிக் கொடுக்கும் சேவையிலேயே அனுப்புங்கள். கடிகாரத்தின் இலக்கம் தெரியப் படமெடுத்து, பொதி கட்டுவதையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

‘பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று லண்டன்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது சுங்கத்துக்குச் சொல்லும் பொய். பொதி தொலைந்தால் காப்புறுதியும் எழுதிய விலைக்கு மேல் தராது. பழம்பொருளுக்குக் காப்புறுதி உண்டா என்பதையும் கூரியரிடம் முன்பே கேளுங்கள்.

அனுமதி கைக்கு வரும்வரை அவரிடம் முற்பணம்கூட வாங்க வேண்டாம்.