ஐந்து மாதம் கழித்துத் தவிட்டு மூட்டைக்கு அடியில் கிடைத்த பால் பைத்தான்: முதலில் தண்ணீர், கடைசியில்தான் இரை

கேள்வி: ஐயா, ஈரோடு பக்கம் நான்கு கறவை மாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். என் மகன் முறைப்படி பதிவு செய்து, பால் பைத்தான் என்கிற விஷமில்லாத வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்று வளர்க்கிறான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அது கூண்டிலிருந்து தப்பிவிட்டது. போன வாரம் மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டையை நகர்த்தியபோது அடியில் சுருண்டு கிடந்தது. 1,350 கிராம் இருந்தது இப்போது 1,080 கிராம்தான் இருக்கிறது. அம்மா பால் வைக்கச் சொல்கிறார். கோழிக்குஞ்சு போடலாமா? இதே சமயத்தில் ஒரு மாட்டுக்குக் கறவையும் குறைந்திருக்கிறது. மடியில் பால் குடித்திருக்குமோ? பக்கத்துத் தோட்டத்துக்காரர், எலி பிடிக்கும், வயலில் விட்டுவிடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐந்து மாதம் கழித்து உயிரோடு கிடைத்தது பெரிய விஷயம். எடை போட்டுப் பார்த்தீர்களே, அது இன்னும் நல்லது. இருபது சதவீதம் குறைந்திருக்கிறது. இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்து சதவீதம் குறைந்தாலே மருத்துவரிடம் காட்டச் சொல்வேன்; இருபது என்றால் தள்ளிப் போடவே கூடாது.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டைக்கு அடியில் கிடந்தது உங்கள் பாம்புதானா? தொலைந்தபோது எடுத்த படங்களோடு உடல் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். கொட்டகையில் தடித்து, புள்ளி போட்டுச் சுருண்டு கிடப்பது கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். அதன் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசையாக ஓடும். தலை முக்கோணமாக, பொடிப்பொடிச் செதிலோடு இருக்கும். கிட்டே போனால் குக்கர் சத்தம் போலச் சீறும். பால் பைத்தானின் மூக்குப் பக்கம் பெரிய செதில்களும், மேலுதட்டில் குழி குழியாகவும் தெரியும். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பந்துக்கு ஆங்கிலத்தில் 'பால்' என்பதால் வந்த பெயர்தான் அது. நம் ஊர் மலைப்பாம்பின் குட்டியாக இருந்தால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். துளி சந்தேகம் இருந்தாலும் கையால் தொடாதீர்கள்.

சரி, உங்கள் பாம்புதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பாம்புக்குப் பால் ஆகாது. நா வறண்டு கிடக்கும் பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும், பாலையும் குடிக்கும். ஆனால் அதற்குப் பால் செரிக்காது, இருக்கிற தெம்பும் போய்விடும். அதற்கு வேண்டியது சுத்தமான தண்ணீர்.

ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதன் உடல் தடிமனில் பாதி உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இருபது நிமிடம் அதில் கிடக்கட்டும். கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், தலை மூழ்கக்கூடாது. முதல் சில நிமிடம் சும்மா கிடக்கும். பிறகு மூக்கு நுனியைத் தண்ணீரில் வைத்து, தாடை மெல்ல மெல்ல அசைய உறிஞ்சும். அதைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்யலாம். விலாவில் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் மடிப்பு நிற்காமல் படிய வேண்டும்; நின்றால் இன்னும் நீர் பற்றவில்லை.

கூண்டில் மண்ணோ தேங்காய் நாரோ போடாமல் வெள்ளைத் தாள் விரியுங்கள். பாம்பின் மேல் ஒட்டும் சிற்றுண்ணி (பேன் என்பார்கள்) உதிர்ந்தாலும், எச்சத்தில் ரத்தம் இருந்தாலும் உடனே தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த சட்டியும், ஒரு தண்ணீர்க் கிண்ணமும் போதும். இது மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ பக்கத்துப் பாம்பு. கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி போல இருந்தால் நல்லது. உங்கள் ஊரில் குளிரைவிட வெக்கைதான் பயம். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் மதியத்துக்குள் உயிர் போய்விடும். வீட்டுக்குள் அமைதியான அறையில் வையுங்கள். தண்ணீரில் விடவும் மருத்துவரிடம் காட்டவும் தவிர, ஒரு வாரத்துக்கு யாரும் கையில் தூக்கக் கூடாது, மகனும் சேர்த்துத்தான்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். பாம்பு ஐந்து மாதம் காட்டில் இல்லை, உங்கள் கொட்டகையில் இருந்திருக்கிறது. இடையில் எலிக்கேக் வைத்தீர்களா? மாட்டு உண்ணிக்கு டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோ அடித்தீர்களா? விஷம் தின்ற எலியைப் பாம்பு விழுங்கியிருக்கலாம். உண்ணி மருந்து பாம்பின் நரம்பைத் தாக்கும். மெதுவாகப் புரட்டி விட்டால் உடனே நிமிர்ந்துகொள்கிறதா பாருங்கள். நிமிராமல் கிடந்தாலோ, தலையை அண்ணாந்தபடியே வைத்திருந்தாலோ, உடல் நடுங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எந்த மருந்து, எந்தத் தேதியில் என்று எழுதி எடுத்துப் போங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது, ஈறு சிவந்து சீழ் கட்டுவது இவையும் அவசரம்தான். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கடுகைவிடச் சின்னதாகக் கருப்புப் புள்ளி நகர்ந்தால் அது பேன். அதற்கு மாட்டு மருந்தைத் தடவுவது, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை நீங்களே ஊசி போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கண் மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தால் நகத்தால் பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும்.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் பாம்பு பார்க்க மாட்டார்கள். உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். காற்றுப்போகும் துணிப்பையில் போட்டு, மூடி போட்ட பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போகலாம். எச்சம் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். கொட்டகையில் பல்லி, தவளை, எலி என்று தின்றிருந்தால் குடற்புழு இருக்கலாம்.

அப்புறம்தான் இரை. நன்றாகத் தண்ணீர் குடித்து, ஐந்தாறு நாள் ஓய்வெடுத்து, மருத்துவரும் சரி என்ற பிறகு கொடுங்கள். பசித்த பாம்பு என்று பெரிய எலியைப் போட்டால் கக்கிவிடும். நீண்ட பட்டினிக்குப் பின் வயிறு முட்டத் தின்றால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் நிலைகுலைந்து சாகவும் செய்யும். வழக்கத்தில் பாதி போதும், அதாவது ஐம்பது கிராம் எடையுள்ள, உறையவைத்துப் பின் உறைநீக்கிய வளர்ப்பு எலி. அதைக் கக்காமல் வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அடுத்தது. கோழிக்குஞ்சு இப்போது வேண்டாம். கொட்டகையில் பிடித்த எலி எப்போதுமே வேண்டாம்.

கறவை விஷயத்துக்கு வருகிறேன். பாம்பால் மடியில் பால் குடிக்க முடியாது. காம்பைக் கவ்விச் சப்ப அதற்கு மென்மையான உதடு கிடையாது. உள்நோக்கி வளைந்த ஊசிப் பற்கள் காம்பில் பட்டால் மாடு நிற்குமா? குறைந்ததற்குக் காரணம் மடியிலேயே இருக்கலாம். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கருப்புத் துணி மேல் தனித்தனியாகப் பீச்சிப் பாருங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் மடிநோய். ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளுக்குள் இருக்கலாம், பாலைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

பாம்பு கிடந்த மூட்டைத் தவிட்டை மாட்டுக்கு வைக்காதீர்கள். பாம்பின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அந்த இடத்தைக் கழுவி வெயிலில் காய விடுங்கள். கூண்டைத் தொட்ட கையோடு கறக்கப் போகக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் கூண்டுப் பக்கமே விட வேண்டாம்.

வயலில் விடுவதை மட்டும் நினைக்கவே வேண்டாம். அயல்நாட்டு உயிரினத்தை நம் மண்ணில் விடுவது தப்பு; அதன் நோய் நம் பாம்புகளுக்குப் பரவும். எலிக்கு வயலில் சாரைப்பாம்பு இருக்கிறது, ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வையுங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படியும் 2024 விதிகளின்படியும் இந்தப் பாம்பு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மகன் பெயரில் பதிவாகியிருக்கிறது. தப்பியதை வனத்துறைக்குச் சொல்லியிருந்தால், கிடைத்ததையும் எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டுக் கதவுக்கு இனி பூட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை அதே தராசில் எடை போட்டு எழுதி, இரண்டு மாதம் கழித்து அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்.