ஜெர்மனி போனால் நம் நர்சிங் பட்டம் அப்படியே செல்லுமா?

வேலைக்கும் படிப்புக்கும் போய்வருவதை எளிதாக்க இந்தியாவும் ஜெர்மனியும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவே, பி.எஸ்சி. நர்சிங் பட்டம் அங்கே அப்படியே செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. நான் ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர். முதல் பதினொரு மாதங்கள் உதவியாளர் சம்பளம்தான் வாங்கினேன்.

2022 டிசம்பரில் டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தமும், தொழில்திறன் பெற்ற இந்தியர்களுக்கு ஓர் ஆண்டில் தரும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000லிருந்து 90,000 ஆக்குவதாக 2024இல் ஜெர்மனி சொன்னதும் விசா வரிசையில் நிற்கும்போது உதவும். பட்டத்தை எடைபோடுவது டெல்லியும் அல்ல, பெர்லினும் அல்ல. நீங்கள் போகும் ஜெர்மன் மாநிலத்தின் அலுவலகம். நாம் படித்ததில் எது குறைகிறது என்று அவர்கள் எழுதித் தருவார்கள். அதைத் தேர்வு எழுதியோ, பயிற்சிக் காலம் முடித்தோ ஈடுகட்ட வேண்டும். ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் பி2 நிலையும் (ஆறு படிகளில் நான்காவது) தேவை.

பி2 முடித்த தெம்பில் வார்டுக்குள் போனேன். ஒரு பாட்டி பாதம் வலிக்கிறது என்றார். நானும் பாதத்தையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி தொடையில்! அந்த வட்டார ஸ்வாபியப் பேச்சில் பாதத்துக்கான சொல்தான் முழுக்காலுக்கும். நம் 'கால்' போலத்தான், ஆனால் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. வேலையும் வேறு மாதிரி. ஊரில் ஊசி, டிரிப் எல்லாம் என் கையில். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது உறவினர் பாடு. இங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது செவிலியர் கடமை; டிரிப்புக்கு ஊசி ஏற்றுவதைப் பல இடங்களில் மருத்துவரே செய்கிறார். முதல் மாதம் அவமானமாக இருந்தது. பிறகு, படுக்கைப்புண் வரப்போவதன் அறிகுறியாக நோயாளியின் முதுகுத்தோல் சிவப்பதை முதலில் பார்ப்பது குளிப்பாட்டுகிறவள்தான் என்று புரிந்தது.

ஏஜெண்டிடம் மூலச் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கப் பட்ட பாடு போதும். வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான கேரள அரசு அமைப்பான நோர்கா, ஜெர்மன் அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நம் ஊரில் முதலில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று, பட்டத்தை எடைபோட அந்த மாநில அலுவலகம் கேட்கும் என்பதால், பாடவாரியாக எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள் என்ற விவரத்தைக் கல்லூரியில் முத்திரையோடு இப்போதே வாங்கிவிடுங்கள். நான் இங்கே வந்தபிறகு, அந்த ஒரு காகிதத்துக்காக அப்பா நான்கு மாதம் கல்லூரிக்கு அலைந்தார்.